கொழும்பிலிருந்து ஸ்கூபா: கடலில் இறங்குமுன் கரையில் முடிக்க வேண்டியவை

ஸ்கூபா டைவிங் படிக்கப் போய் நான் அதிகம் அலைந்தது வைத்தியரின் ஒரு கையெழுத்துக்காக. எந்த மாதம் எந்தக் கரை, கட்டணத்தில் என்னென்ன அடங்கும், விமானத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு கடலை விட்டு வெளியே வர வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. வெள்ளவத்தையில் தெரிந்தவர்களைக் கேட்டால், "உனக்கென்ன விசரா, கடலுக்கடியில போக?" என்பதுதான் பதில். எனவே நானே எழுதி வைக்கிறேன்.

இது கொழும்பில் இருப்பவர்களுக்கும், லண்டன், டொரொன்டோ, சென்னை என்று வெளியிலிருந்து விடுமுறைக்கு வந்து கொழும்பில் தங்குபவர்களுக்கும். ஏற்கனவே டைவ் செய்பவர்கள் 6ஆம் படியை மட்டும் பார்த்தால் போதும்.

1. முதலில் மாதம், பிறகு கரை

இலங்கையைச் சுற்றியுள்ள கடல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும் நல்லது: கல்கிசை, ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ. மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு: திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் நாட்களில் காலி முகத்திடலில் ஒரு பின்னேரம் போய் நின்று பாருங்கள், மேற்குக் கரையில் அப்போது ஏன் டைவ் செய்வதில்லை என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று ஜூலை, ஆகஸ்டில் வருகிறார்கள். கொழும்புக்குப் பக்கம் என்று ஹிக்கடுவவில் அறை போடுகிறார்கள். அறை மலிவாகவும் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அந்தக் கடல்தான். "வாங்கோ, கடலைப் பார்த்துச் சொல்றோம்" என்று முற்பணம் கேட்கும் இடங்களும் உண்டு. ஜூன் மாதத்தில் என்னிடமும் ஒரு டைவ் மையம் அப்படிக் கேட்டது. கடல் இறங்க விடாவிட்டால் காசு திரும்புமா என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இதே கேள்வியை நீங்களும் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

ஏப்ரல் கடைசியும் அக்டோபரும் இரண்டுங்கெட்டான் காலம். நாளைப் பொறுத்தது. கொழும்புக்கு அருகே டைவ் செய்வதானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மழை கொட்டியதும் களனி ஆறு சேற்றைக் கொண்டுவந்து கடலில் தள்ளும். அலை இல்லாவிட்டாலும் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது.

2. எது வேண்டும் என்று தீர்மானியுங்கள்

ஸ்நோர்க்கலிங்: முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி பார்ப்பது. படிவம், பரீட்சை எதுவும் இல்லை. பல குடும்பங்களுக்கு இதுவே போதும், சும்மா சொல்லவில்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம்.

அறிமுக டைவ்: சிலிண்டரை மாட்டி, பயிற்றுநர் கையைப் பிடித்தபடியே ஒரு முறை இறங்குவது. ஆழம் 12 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அரை நாளில் முடியும். சான்றிதழ் கிடையாது.

ஓப்பன் வாட்டர் பயிற்சி: உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் அட்டை கிடைக்கும், இன்னொரு டைவருடன் சேர்ந்து 18 மீற்றர் வரை போகலாம். வீட்டிலிருந்தே படிக்கும் பாடம், நீச்சல் குளத்தில் அல்லது ஆழமில்லாத கடலில் பயிற்சி, பிறகு நான்கு கடல் டைவ்கள். மூன்று, நான்கு நாள் வேண்டும். வயது 10 நிரம்பியிருந்தால் பிள்ளைகளும் சேரலாம், ஆனால் 10, 11 வயதுக்காரர்களுக்கு ஆழம் 12 மீற்றர்தான்.

கொழும்பில் இருப்பவர்கள் நேராக ஓப்பன் வாட்டருக்குப் போகலாம். பாடத்தை வார நாட்களில் முடித்துவிட்டு, கடல் வேலையை இரண்டு சனி ஞாயிறுகளில் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வார விடுமுறையில் வருபவர்களுக்கு அறிமுக டைவ் போதும் என்பது என் எண்ணம். ஏழு நாளில் நான்கு நாளைப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்கு எப்போது போவது?

3. மருத்துவப் படிவம்: பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே

எல்லோரும் இடறும் கல் இது. மையத்துக்குப் போன அன்று காலை, 'ஏதாவது நடந்தால் பொறுப்பு என்னுடையது' என்ற கடிதங்களோடு சேர்த்து ஒரு மருத்துவக் கேள்விப் படிவத்தையும் நீட்டுவார்கள். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றால் உங்கள் கையெழுத்தே போதும். சிலவற்றுக்கு 'ஆம்' என்று போட்டால் வைத்தியர் கையெழுத்து இல்லாமல் உங்களைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நிலாவெளிக் கடற்கரையில் எந்த வைத்தியரைத் தேடுவது?

முன்பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும். 3, 5, 10 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் நேராக வைத்தியரிடம் போக வேண்டும். 3 உடற்பயிற்சித் திறன் பற்றியது, 5 கடந்த 12 மாதத்தில் செய்த சத்திரசிகிச்சை பற்றியது. நம்மவர்களைப் பிடிக்கும் கேள்வி 10: வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? பிரஷர் குளிசை, சீனிக்குப் போடும் குளிசை எல்லாம் இதில் அடங்கும். நாற்பது தாண்டிய நம் வீடுகளில் குளிசை போடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றக் கேள்விகளுக்கு 'ஆம்' போட்டால் பின்பக்கத்துப் பெட்டிகளில் மேலும் விபரம் கேட்பார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனிப் பெட்டியே உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். மையத்திடம் படிவத்தை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லி, எல்லாப் பக்கத்தையும் அச்செடுங்கள். வைத்தியர் கையெழுத்திடும் பக்கம் கடைசியில் தனியாக இருக்கும். அது இல்லாமல் போனால் இன்னொரு தரம் போக வேண்டி வரும். பிறகு உங்கள் உடம்பை ஏற்கனவே அறிந்த வைத்தியரைச் சனல் பண்ணுங்கள் (பார்க்க நேரம் பதியுங்கள்). அறியாத வைத்தியர் ஒருவர் கையெழுத்திடத் தயங்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நான் போன இடத்தில் வைத்தியர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கடலுக்கா, கப்பல் வேலைக்கா?" என்று கேட்டார். பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதற்கு இன்னொரு சனல், இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. நிபுணர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறது என்று எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. காதில் பழைய கோளாறு இருந்தவர்கள் நேராக இந்த நிபுணரிடமே போனால் ஒரு கட்டணம் மிச்சம்.

கையெழுத்திட்ட படிவம் சாதாரணமாக ஒரு வருடம் செல்லும், அதற்குள் உடல்நிலை மாறாமல் இருந்தால். எனவே அவசரப்படாமல் முன்பே எடுத்து வைக்கலாம்.

"எல்லாத்துக்கும் இல்லை என்று போடுங்கோ, ஒன்றும் ஆகாது" என்று சில இடங்களில் சொல்வார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதய வருத்தம், கர்ப்பம் இவற்றை மறைத்துக்கொண்டு இறங்குவது உயிரோடு விளையாட்டு. மறைத்தது தெரிந்தால் காப்புறுதியும் கைவிடும்.

4. நீச்சல்

அறிமுக டைவுக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. ஓப்பன் வாட்டருக்கு உண்டு: 200 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும், அல்லது முகக்கண்ணாடி, குழாய், துடுப்புக்காலணியோடு 300 மீற்றர். கூடவே பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு இல்லை, எந்தப் பாணியிலும் நீந்தலாம். நீந்தத் தெரியாதென்றால் கொழும்பில் ஒரு குளத்தில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டு வாருங்கள். பயிற்சிக்கு முற்பணம் கட்டிவிட்டு நீச்சல் பழக ஓடாதீர்கள்.

வீட்டிலேயே பழகக்கூடிய ஒன்று உண்டு. பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, குழாயை மட்டும் வாயில் வைத்து, முகக்கண்ணாடி இல்லாமல் முகத்தை அமிழ்த்துங்கள். மூக்கில் தண்ணீர் படும்போதே வாயால் மட்டும் மூச்சு விடுவது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். குளத்தில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு வெளியேற்றச் சொல்லும்போது ஆட்கள் பதறி மேலே எழும்புவது இதனால்தான். முறை எளிது: தலையைச் சற்று மேலே தூக்கி, கண்ணாடியின் மேல் விளிம்பை இரண்டு விரலால் அழுத்தி, மூக்கால் மெதுவாக நீளமாக ஊத வேண்டும். தண்ணீர் கீழ் விளிம்பால் வெளியே போய்விடும்.

மீசைக்காரர்களுக்கு: மூக்குக்குக் கீழே கண்ணாடி சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மேல் வரியைக் கொஞ்சம் மழித்தால் தீரும். வாசலின் பூசாதீர்கள், சிலிக்கன் கெட்டுவிடும் என்று மையத்தில் ஏசுவார்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள முகக்கண்ணாடி இருக்கிறதா என்று பதியும்போதே கேளுங்கள்.

5. காசு

ஓப்பன் வாட்டருக்குப் பொதுவாக 350 முதல் 450 அமெரிக்க டொலர் வரை கேட்கிறார்கள். ரூபாயில் கட்டினால் அன்றைய மாற்று விகிதம் எது என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு மையங்களின் விலையை ஒப்பிடுமுன் இவற்றைக் கேளுங்கள்: இணையப் பாடத்தின் கட்டணமும் சான்றிதழ் கட்டணமும் சேர்ந்ததா? படகு சேர்ந்ததா? உபகரணம் முழுவதும் சேர்ந்ததா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? நான்கு டைவில் ஒன்றைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தால் மேலதிகக் காசா? குறைந்த விலை சொன்ன இடம் இவற்றையெல்லாம் கூட்டியதும் கூடிய விலையாகிவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

பயிற்றுநரின் பெயரையும் உறுப்பினர் இலக்கத்தையும் கேட்டு, டைவ் சான்றிதழ் வழங்கும் பாடி (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

உள்நாட்டவர் விலை, வெளிநாட்டவர் விலை என்று இரண்டு உண்டு. தேசிய அடையாள அட்டை கையில் இருந்தால் முதலிலேயே காட்டுங்கள், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களும்தான். புறாத்தீவு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கு, அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும். படகுக் கூலி தனி. தமிழில் கதைத்தாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுதான். சீட்டு யன்னலில் நின்று வாதாடிப் பயனில்லை.

காப்புறுதி: சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல டைவிங்கை விலக்கி வைத்திருக்கும், அல்லது ஓர் ஆழம் வரைதான் ஏற்கும். பொடி எழுத்தைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே 'டான்' போன்ற அமைப்புகள் தனிக் காப்புறுதி வைத்திருக்கின்றன. டைவ் செய்து உடம்புக்கு ஏதாவது ஆகி, அதற்கென்றே உள்ள அழுத்த அறையில் சிகிச்சை எடுக்க நேர்ந்தால் வரும் செலவோடு பார்த்தால் அந்தச் சந்தா ஒன்றுமே இல்லை.

6. நாட்களைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லோரும் முதல் நாளிலிருந்து திட்டம் போடுகிறார்கள். டைவிங்குக்குக் கடைசி நாளிலிருந்து போட வேண்டும். ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் கரைந்த நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து, அது இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகளாகும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் 24 என்றே வைக்கிறேன். கட்டுநாயக்காவில் அதிகாலை விமானம் என்றால் அதற்கு முந்தைய நாள் முழுவதும் கரையில்தான்.

விமானத்தை யோசிக்கிறவர்களும் மலையை மறந்துவிடுகிறார்கள். சுற்றுலா வான்காரர்களின் வழக்கமான பாதை திருகோணமலை, கண்டி, நுவரெலியா. காலையில் நிலாவெளியில் டைவ், இரவுக்கு நுவரெலியா என்று திட்டம் போட்டுத் தருவார்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். உடம்புக்கு அதுவும் பாதி விமானம்தான். எல்ல, பண்டாரவளை எல்லாம் ஆயிரம் மீற்றரைத் தொடும் இடங்கள். மலைநாட்டை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள், அல்லது நடுவில் ஒரு முழு நாளை விடுங்கள். சாரதியிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அறைகள் பதிந்த பிறகு சொன்னால் அவருக்கும் தலையிடி.

7. போய்ச் சேருவது

தெற்குக்கு: கோட்டையிலிருந்து கரையோர ரயில் ஹிக்கடுவ, காலி, வெலிகம வழியாக மாத்தறைக்கு ஓடுகிறது, சில ரயில்கள் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் நிற்கும். அவசரம் என்றால் மாகும்புரவிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை பஸ். திருகோணமலைக்கு: கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர், பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். இரவு ரயிலும் உண்டு. போகும் காலத்தில் ஓடுகிறதா என்று விசாரித்து, இருக்கையை முன்பே பதியுங்கள். போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்த நீண்ட வார இறுதி என்றால் இரண்டிலும் இடம் கிடைப்பது கடினம்.

இரவு முழுக்கப் பயணம் செய்த அன்றே காலையில் டைவ் வைக்காதீர்கள். தூக்கமில்லாமல், வெறும் வயிற்றில் படகில் ஏறினால் கடல் மயக்கம் நிச்சயம்.

8. படகு நாள்

டைவ் படகுகள் காலையிலேயே புறப்படும், நேரம் போகப் போகக் காற்று எழும்பும் என்பதால். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்று லேசாகச் சாப்பிடுங்கள், கொத்து வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முந்தின இரவு மதுவைத் தொடாதீர்கள். தடிமன் இருந்தால் அன்று டைவ் இல்லை, அவ்வளவுதான். மூக்கடைப்பு மருந்து அடித்துக்கொண்டு இறங்கினால் அதன் வேலை ஆழத்தில் முடிந்து, மேலே வரும்போது காது மாட்டிக்கொள்ளும்.

இறங்கத் தொடங்கியதுமே, காது வலிக்கும் முன்பே, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு தரம். வலித்தால் கொஞ்சம் மேலே வந்து திரும்ப முயலுங்கள். பலமாக ஊதவே கூடாது. முக்கியமான விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள், மேலே வரும்போது குறிப்பாக.

மோதிரம், சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் ஒட்டவைக்க வழி இருக்கிறதா என்று பெண் பயிற்றுநர் யாரிடமாவது முதல் நாளே கேளுங்கள். படகில் வைத்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். புறாத்தீவில் பவளப்பாறையில் கால் வைக்கவும் கூடாது, ஒரு துண்டு எடுத்துவரவும் கூடாது, இரண்டும் குற்றம்.

ஏதாவது நடந்தால்: 1990 இலவச அம்பியுலன்ஸ், 119 பொலிஸ், 1912 சுற்றுலாப் பொலிஸ். டைவ் முடிந்து சில மணி நேரத்தில் மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய களைப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். மையத்தைக் கூப்பிட்டு, டைவ் செய்தவர் என்று சொல்லியே வைத்தியசாலைக்குப் போங்கள்.

9. சான்றிதழில் பெயர்

சின்ன விசயம்தான், ஆனால் நம் பெயர்களுக்குத் தலைவலி. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். தகப்பன் பெயரை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், ஒருவர் வெறும் முதலெழுத்தாக. கடவுச்சீட்டில் உள்ளபடியே போடுங்கள். வேறு நாட்டில் டைவ் செய்யப் போகும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள் உண்டு. பயிற்றுநர் கணினியில் பதிவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அட்டை மின்னஞ்சலில் வரும். நான்கு டைவுக்கும் பதிவேட்டில் பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிவிட்டே கிளம்புங்கள்.

கொழும்புக்கு வெளியே கடலடியில் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கும் ஆசை இருந்தால் இந்த அட்டை மட்டும் போதாது. பலவும் 18 மீற்றருக்குக் கீழே கிடக்கின்றன. அதற்கு 30 மீற்றர் வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்ட் பயிற்சி வேண்டும். இன்னும் ஐந்து டைவ்கள், இரண்டு மூன்று நாட்கள். மருத்துவப் படிவம் ஒரு வருடத்துக்குள் என்றால் அதையே கொடுக்கலாம்.